கிறிஸ்துமஸ் லீவில் தீம் பார்க்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

டிசம்பர் நெருங்கிவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். ஸ்கூல் லீவு, பிள்ளைகள் தீம் பார்க் கேட்கிறார்கள், எந்த நாள் போவது, தாத்தா பாட்டியை என்ன செய்வது, இவ்வளவு கூட்டத்தில் போகத்தான் வேண்டுமா. என் குடும்பத்தையும் தங்கை குடும்பத்தையும் சேர்த்துப் பல வருடமாகக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன், நன்றாக அமைந்த நாளும் உண்டு, பாதியில் திரும்பி வந்த நாளும் உண்டு. அந்த அனுபவத்தில் இருந்துதான் இந்தப் பதில்கள்.

அக்கா, எங்கள் வீட்டில் ஏழு பேர். மாமனார், மாமியார், நாங்கள் இருவர், ஒன்பது, ஆறு, இரண்டரை வயதில் மூன்று பிள்ளைகள். கணவருக்கு டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரைதான் லீவு. இதில் எந்த நாளில் கூட்டம் குறைவாக இருக்கும்?
- மூன்று பிள்ளைகளின் அம்மா

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அம்மா, அந்த வாரத்தில் கூட்டம் குறைவான நாள் என்று ஒன்று கிடையாது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் வரும் நாட்கள்தான் பெரிய பார்க்குகளுக்கு வருடத்திலேயே நெரிசலான நாட்கள். அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் மாதிரி அவ்வளவு பெரிய இடமே இந்த வாரத்தில் நிரம்பிப்போய், இனி ஆள் விட முடியாது என்று வாசலில் நிறுத்திய வருடங்கள் உண்டு. அதனால் முதலில் கணவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: டிசம்பர் முதல் இரண்டு வாரத்தில் இரண்டே இரண்டு நாள் லீவு கிடைக்குமா? அமெரிக்க டிஸ்னி பார்க்குகளில் நவம்பர் நடுவிலேயே மரம், விளக்கு, அலங்காரம் எல்லாம் வந்துவிடும். அதே கிறிஸ்துமஸை இதைவிடக் குறைந்த கூட்டத்தில் பார்த்துவிட்டு வரலாம், பிள்ளைகள் இரண்டு நாள் ஸ்கூலுக்குப் போகாததால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

லீவு மாற்ற முடியாது என்றால் 24-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் 26-லிருந்து 31 வரைக்கும்தான் நெரிசல் ஏறிக்கொண்டே போகிறது, 24 அதைவிடப் பரவாயில்லை. ஆனால் டிக்கெட் எடுக்கும் முன் அன்றைக்குப் பார்க் திறந்திருக்கிறதா என்று பாருங்கள், இதில் ஏமாந்தவர்கள் நிறைய. அமெரிக்க டிஸ்னி பார்க்குகள் கிறிஸ்துமஸ் அன்றும் திறந்திருக்கும். நெதர்லாந்தின் எஃப்டெலிங்கும் வருடம் முழுக்கத் திறந்திருக்கும் இடம். ஜெர்மனியின் ஐரோப்பா பார்க் குளிர்கால சீசன் நடத்துகிறது, ஆனால் 24, 25 இரண்டு நாளும் மூடிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் கோல்ட் கோஸ்டில் இருக்கும் டிரீம்வேர்ல்டும் மூவி வேர்ல்டும் 25 அன்று மூடல். அமெரிக்காவின் சீடர் பாயிண்ட் மாதிரி குளிர் ஊர்ப் பார்க்குகள் பல, குளிர் தொடங்கும்போதே மூடிவிட்டு வசந்தத்தில்தான் திறக்கின்றன.

இன்னொன்று, கிறிஸ்துமஸ் லீவு என்பதால் கிறிஸ்துமஸ் அலங்காரம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். டோக்கியோ டிஸ்னிலேண்டில் அந்தக் கொண்டாட்டம் டிசம்பர் 25-ஓடு முடிந்துவிடும். 26 காலையில் போனால் புத்தாண்டு அலங்காரத்துக்கு மாறியிருப்பார்கள். என் தோழியின் மகள் கிறிஸ்துமஸ் மரத்தின் முன்னால் நின்று போட்டோ எடுக்கவே சிவப்புக் கவுன் தைத்துக்கொண்டு 27-ஆம் தேதி போனாள், மரம் இல்லை. அந்தக் குழந்தையின் முகத்தை இப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் சின்னவளுக்கு மூன்று வயது ஆகவில்லை அல்லவா? நிறைய பார்க்குகளில் மூன்று வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது. பார்த்துவிட்டு எடுங்கள்.

கணவர் இருபத்திரண்டு ரைடுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டு அட்டவணை தயாரித்து வைத்திருக்கிறார். எனக்குப் பார்க்கும்போதே மூச்சு வாங்குகிறது. இது நடக்குமா?
- பெயர் வேண்டாம்

நடக்காது. ஆனால் அவர் ஆசையாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார், அதைத் தூக்கிப் போடாதீர்கள், அதிலிருந்து வேறு ஒன்று செய்யலாம். ராத்திரி எல்லோரையும் உட்கார வைத்து ஆளுக்கு ஒரு சீட்டு கொடுங்கள். "இது ஒன்று இல்லாவிட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்" என்கிற ஒன்றை மட்டும் எழுத வேண்டும். ரைடாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பரேடாக இருக்கலாம், வாணவேடிக்கையாக இருக்கலாம், "மிக்கியோடு ஒரு போட்டோ" என்று இருக்கலாம். நான்கு பேர் என்றால் நான்கு சீட்டு. அந்த நான்கும் நடந்துவிட்டால் நாள் நன்றாகப் போனது என்று முன்கூட்டியே எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். மிச்சம் கிடைப்பதெல்லாம் கூடுதல். லீவு நாளில் நான் வேறு எந்தத் திட்டமும் போடுவதில்லை.

இப்போது அந்த நான்கை எப்போது செய்வது என்பதுதான் விஷயம். கேட் திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் வாசலில் இருங்கள். திறந்த முதல் இரண்டு மணி நேரத்தில் செய்ய முடிவதை மத்தியானம் ஐந்து மணி நேரத்தில்கூடச் செய்ய முடியாது. அந்த இரண்டு மணி நேரத்தில் நிறையப் பேர் செய்கிற தப்பு, நேராகப் பெரிய ரோலர் கோஸ்டருக்கு ஓடுவது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற குடும்பம் முதலில் சின்ன ரைடுகளுக்குத்தான் போக வேண்டும் என்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

வரிசை எவ்வளவு நீளம் என்பதை விட, அந்த ரைடு மணிக்கு எத்தனை பேரை ஏற்றுகிறது என்பதுதான் காத்திருக்கும் நேரத்தை முடிவு செய்கிறது. டிஸ்னியின் ஹான்டட் மேன்ஷன் என்கிற பேய் வீட்டு ரைடில் வண்டிகள் நிற்காமல் சங்கிலி மாதிரி வந்துகொண்டே இருக்கும், மணிக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் போய்விடுவார்கள். வரிசை வெளியே தெரு வரைக்கும் நின்றாலும் கால் நகர்ந்துகொண்டே இருக்கும். அதே பார்க்கில் பீட்டர் பேனின் பறக்கும் படகு சின்னது, ஏற்றுவது மிகக் குறைவு, அதனால் சும்மா ஒரு நாளிலேயே அங்கே நீண்ட வரிசை நிற்கும். யானை சுற்றுகிற ரைடு, சின்ன விமானம் சுற்றுகிற ரைடு எல்லாமே இந்த வகைதான். ஒரு சுற்று முடிந்து, எல்லோரும் இறங்கி, அடுத்த கூட்டம் ஏறி, பெல்ட் மாட்டி முடிப்பதற்குள் ஐந்து நிமிஷம் போய்விடும். அதனால்தான் குட்டிகளின் ரைடை முதலில் முடித்துவிடச் சொல்கிறேன்.

உங்கள் கணவருக்குக் கணக்கு பிடிக்கும் போலத் தெரிகிறது. வரிசையில் நிற்கும்போது பிள்ளைகளோடு சேர்ந்து இதைச் செய்யச் சொல்லுங்கள். கோஸ்டர் வண்டியில் எத்தனை சீட் என்று எண்ண வேண்டும், 24 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வண்டி கிளம்பி அடுத்த வண்டி கிளம்ப எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும், 90 விநாடி என்றால் மணிக்கு நாற்பது வண்டி, 960 பேர். முன்னால் முந்நூறு பேர் நின்றால் இன்னும் பத்தொன்பது நிமிஷம். என் அண்ணன் மகன் எட்டு வயதில் இந்தக் கணக்கைப் போட ஆரம்பித்தான். அதற்கப்புறம் அவன் வரிசையில் நின்று "இன்னும் எவ்வளவு நேரம்" என்று கேட்டதே இல்லை, அவன்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பான்.

பதினொன்றரைக்கு மேல் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். சாப்பாட்டைப் பதினொரு மணிக்கோ இரண்டரை மணிக்கோ வைத்துக்கொள்ளுங்கள், பன்னிரண்டரைக்குப் போனால் அங்கேயும் வரிசைதான். தங்கும் இடம் பக்கம் என்றால் மத்தியானம் போய்ப் படுத்துவிட்டு ஐந்து மணிக்குத் திரும்பி வாருங்கள். தூரம் என்றால் உள்ளேயே ஏதாவது ஒரு நீளமான ஷோவில் உட்காருங்கள். அப்புறம் கடைசி ஒரு மணி நேரம். வாணவேடிக்கை நடக்கும்போது எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், வரிசைகள் சுருங்கிவிடும். அமெரிக்க டிஸ்னி பார்க்குகளில் மூடும் நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால் வரிசையில் சேர்ந்தாலும் ஏற்றிவிட்டுத்தான் அனுப்புவார்கள், அதனால் பெரிய கோஸ்டரை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் பணம் கட்டினால் சீக்கிரம் ஏற்றிவிடும் பாஸ் வாங்கலாமா? ஆளுக்கு ஆள் ஒன்று சொல்கிறார்கள்.
- இரண்டு டீன் ஏஜ் பிள்ளைகளின் அப்பா

ஒரு காலத்தில் இது இலவசமாக இருந்தது சார். டிஸ்னி 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் என்று ஆரம்பித்தபோது டிக்கெட்டைச் செருகினால் "இத்தனை மணிக்கு வா" என்று ஒரு சீட்டு வரும், அவ்வளவுதான். அமெரிக்காவில் 2021-இல் அதை மூடிவிட்டுக் காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள், இப்போது லைட்னிங் லேன் என்று பெயர். வால்ட் டிஸ்னி வேர்ல்டில் அவர்களுடைய ஹோட்டலில் தங்குகிறவர்கள் ஏழு நாள் முன்னாலும் மற்றவர்கள் மூன்று நாள் முன்னாலும் புக் செய்யலாம் என்று 2024-இல் மாற்றினார்கள். டோக்கியோவில் வேறு முறை, 2022-இலிருந்து ஒவ்வொரு ரைடுக்கும் தனித்தனியாக, உள்ளே நுழைந்த பிறகு ஆப்பில் வாங்க வேண்டும். ஆக ஒரு பார்க்கில் செய்ததை வைத்து இன்னொன்றுக்குப் போகாதீர்கள்.

என் கருத்து: ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, அதுவும் 26-க்கும் 31-க்கும் நடுவில், பெரிய ரைடுகள்தான் வேண்டும் என்றால் வாங்கலாம், உங்கள் பிள்ளைகள் வயதுக்குப் பொருந்தும். இரண்டு நாள் கையில் இருந்தால் அந்தப் பணத்தை இன்னொரு நாள் டிக்கெட்டுக்குப் போடுங்கள். ரைடில் ஏறப்போகாதவருக்கு வாங்காதீர்கள். தனியாக ஏறத் தயார் என்றால் சில ரைடுகளில் சிங்கிள் ரைடர் வரிசை உண்டு, மிச்சம் இருக்கும் ஒற்றை சீட்டில் உட்கார வைத்து அனுப்புவார்கள், வேகமாக நகரும். டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு இது போதும். பக்கத்தில் அப்பா இல்லை என்று அவர்கள் வருத்தப்படப் போவதில்லை.

போன வருடம் என் மகனை (அப்போது ஐந்தரை வயது) உயரம் போதாது என்று ரோலர் கோஸ்டர் வாசலில் நிறுத்திவிட்டார்கள். ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு! அழுது அழுது வாந்தியே எடுத்துவிட்டான். இந்த வருடமும் அதே பயம்.
- ஒரு அம்மா

படிக்கும்போதே மனசு கனத்துப்போனது. அந்த அளவுகோலை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு பலகையில் கை நீட்டிக்கொண்டு ஒரு பொம்மை, அந்தக் கைக்குக் கீழே பிள்ளையை நிற்க வைப்பார்கள். என் தங்கை மகள் ஒரு தடவை குதிகாலைத் தூக்கி, கழுத்தை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கொண்டையைத் தலை உச்சியில் போடச் சொல்லி அம்மாவைக் கெஞ்சியிருந்தாள். அங்கே இருந்த பெண் கொண்டையை மெதுவாக விரலால் அமுக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினார். அவர் செய்தது சரி. உயரம் பத்தாத குழந்தையை அந்தத் தோள்கம்பியும் மடிக்கம்பியும் சரியாகப் பிடிக்காது. ஷூவுக்குள் அட்டை வைக்கிற வேலையெல்லாம் யாரும் செய்யாதீர்கள், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

செய்ய வேண்டியது, போவதற்கு முந்தைய வாரம் வீட்டுச் சுவரில், போட்டுக்கொண்டு போகப்போகும் அதே ஷூவோடு அளந்துவிடுவது. எல்லாப் பார்க்குகளும் ரைடு வாரியாக உயரத்தை வெளியிடுகிறார்கள். பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள்: ஸ்பேஸ் மவுண்டன் என்கிற கோஸ்டருக்கு ஒரே பெயர்தான், கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 102 சென்டிமீட்டர் போதும், ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 112 வேண்டும். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்கிற கோஸ்டருக்கு 125. சுவரில் பென்சிலால் கோடு போட்டு, எந்தக் கோட்டைத் தாண்டினால் எந்த ரைடு என்று பக்கத்தில் பெயரை எழுதி வையுங்கள். வாசலில் ஒருவர் இல்லை என்று சொல்வதைவிட, வீட்டில் அவனே தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல். அப்புறம் வரிசையில் சேரும் முன்பே நுழைவாயிலில் அளக்கச் சொல்லுங்கள், உள்ளே போய்த் தெரிந்துகொள்ள வேண்டாம்.

பெரியவன் ஏறலாம், சின்னவன் ஏற முடியாது என்கிற வீடுகளுக்கு ஒரு வழி இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. டிஸ்னியில் ரைடர் ஸ்விட்ச் என்பார்கள், யுனிவர்சலில் சைல்ட் ஸ்வாப். அப்பா ஏறும்போது அம்மா குழந்தையோடு இருக்கலாம், அப்பா வந்ததும் அம்மா மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். வாசலில் இருக்கும் ஊழியரிடம் ஏறும் முன்பே சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு 68 வயது, நான்கு வருடம் முன்னால் ஸ்டென்ட் வைத்தது. "எனக்கு ஒன்றும் இல்லை, நானும் கோஸ்டரில் ஏறுவேன்" என்கிறார். அம்மாவுக்கு மூட்டு வலி, "நான் வீட்டிலேயே இருக்கிறேன்" என்கிறார். இரண்டு பேரையும் சமாளிக்க முடியவில்லை.
- மகள்

அப்பா விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இதய நோய், ரத்த அழுத்தம், கழுத்து, முதுகுப் பிரச்சினை, கர்ப்பம் என்றால் ஏறாதீர்கள் என்று ரைடு வாசலிலேயே எழுதி வைத்திருப்பார்கள், அது ஒப்புக்குப் போட்ட போர்டு என்று அப்பா நினைக்கக்கூடும். போகும் முன் அவருடைய டாக்டரிடம் அழைத்துப் போய், ரைடின் பெயரையும் வீடியோவையும் காட்டி, அவர் வாயாலேயே பதில் சொல்லச் சொல்லுங்கள். மகள் சொன்னால் கேட்காதவர் டாக்டர் சொன்னால் கேட்பார். மாத்திரை நேரத்துக்கு ஃபோனில் அலாரம் வையுங்கள், இந்த நாளில் எல்லோருக்கும் மறந்துபோகும்.

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பெரிய பார்க்கில் ஒரு நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடப்பது சாதாரணம், அதனால் அவர் பயப்படுவதும் நியாயம்தான். வாசலிலேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், இந்த வாரத்தில் தீர்ந்துவிடும் என்பதால் காலையிலேயே எடுங்கள். "நான் என்ன நோயாளியா" என்று கேட்பார். என் அம்மாவும் கேட்டார். நாங்கள் அதைப் பை வைக்கிற வண்டி என்று சொல்லித் தள்ளிக்கொண்டு போனோம், பதினொரு மணிக்கு அவராகவே உட்கார்ந்துகொண்டார், பையை மடியில் வைத்துக்கொண்டு.

உட்கார்ந்துகொண்டே போகிற ரைடுகள் நிறைய இருக்கின்றன. "இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்" என்கிற படகு ரைடு 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்தது, 1966-இல் டிஸ்னிலேண்டுக்கு வந்தது, இன்றைக்கும் அத்தனை வயதினரும் ஏறுகிறார்கள். கலிஃபோர்னியாவில் 1997-இலிருந்து கிறிஸ்துமஸ் சமயத்தில் அதற்குத் தனி அலங்காரமும் பாட்டும் போடுகிறார்கள். அம்மாவுக்கு அந்தப் படகில் ஓரத்து இடத்தைக் கொடுங்கள், பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கூட்டத்தில் குழந்தை தொலைந்துவிடுமோ என்று நினைத்தாலே தூக்கம் வரவில்லை. என்ன முன்னேற்பாடு செய்யலாம்?
- நான்கு வயது இரட்டையரின் அம்மா

உங்கள் பயம் எனக்குப் புரியும், நான் அனுபவித்தது. ஒரு டிசம்பர் மாதம், பரேடு முடிந்து கூட்டம் கலையும் நேரம், என் தங்கை மகள் ஐந்து வயது, நீல ஜாக்கெட் போட்ட என் தங்கையின் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தாள். நடந்தது வேறொரு நீல ஜாக்கெட்டின் பின்னால். இருபது நிமிஷம். நாங்கள் நான்கு பேரும் நான்கு திசையில் கத்திக்கொண்டு ஓடினோம், அதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு, கடைசியில் எங்களையே நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். அவள் பலூன் விற்கிற வண்டிப் பக்கத்தில் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். துடைப்பமும் கையுமாக ஒரு ஊழியர் அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, தன் பெயர் அட்டையில் இருக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதரை நான் மறக்கவே மாட்டேன்.

அதற்கப்புறம் நாங்கள் செய்வது இதுதான். காலையில் கேட்டுக்கு முன்னால் பிள்ளைகளை அன்றைக்குப் போட்டிருக்கும் உடையோடு ஒரு முழு போட்டோ எடுத்துவிடுவோம், "என்ன கலர் சட்டை" என்று யாராவது கேட்டால் பதற்றத்தில் பேச்சு வராது. முழங்கைக்குக் கீழே உள்பக்கம் பேனாவால் ஃபோன் நம்பர், அதன் மேல் ஒட்டும் டேப். கைப்பட்டை கழன்று விழும், தோல் விழாது. பெயர் அட்டை குத்தியிருப்பவர் யார் என்று நுழைந்ததும் இரண்டு மூன்று பேரைக் காட்டி, "காணவில்லை என்றால் இவர்களிடம் போ" என்று சொல்லிக்கொடுப்போம். "அம்மாவைத் தேடி நடக்காதே, நின்ற இடத்திலேயே நில், அம்மா வருவேன்" என்பதைக் கிளம்பும் முன் வீட்டில் நாலைந்து தடவை விளையாட்டு மாதிரி நடித்துப் பார்ப்போம்.

பெரியவர்களுக்கு ஒரு சந்திக்கும் இடம் வேண்டும், டிஸ்னி பார்க் என்றால் அது கோட்டை வாசலாக இருக்கக் கூடாது. எங்கிருந்து பார்த்தாலும் கண்ணை இழுக்க வேண்டும் என்றுதான் கோட்டையை நடுவில் கட்டியிருக்கிறார்கள், எல்லோரும் அங்கேதான் "சந்திக்கலாம்" என்பார்கள், அங்கே ஒருவரையும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு மூலையில் இருக்கும் கழிவறை, ஒரு குறிப்பிட்ட மணிக்கூண்டு, அந்த மாதிரி இடம் நல்லது. தொலைந்தால் ஒருவர் அங்கே அசையாமல் நிற்க வேண்டும், ஒருவர் உடனே ஊழியரிடம் போக வேண்டும், மற்றவர்கள் தேடலாம்.

குளிர் இருக்குமே, ரைடுகள் ஓடுமா?
- ஒரு வாசகர்

கடும் குளிரில் கோஸ்டர்களை நிறுத்திவிடுவார்கள். சக்கரமும் கிரீஸும் இறுகிவிட்டால் வண்டி வேகம் குறைந்து, மேடு ஏற முடியாமல் நடுவில் நின்றுவிடக்கூடும், அதனால்தான். பலத்த காற்றிலும், பக்கத்தில் இடி மின்னல் என்றாலும் நிறுத்துவார்கள். தண்ணீர் ரைடுகளை இந்த மாதங்களில் பராமரிப்புக்காக மூடி வைப்பதும் உண்டு. முதல் நாள் ஆப்பில் எது மூடியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கோடைக்காலமாக இருக்கிற ஆஸ்திரேலியா மாதிரி இடம் என்றால் நேர்மாறு, தொப்பியும் தண்ணீரும். எங்கே போனாலும் ஆளுக்கு இரண்டு ஜோடி காலுறை எடுங்கள். ஈரக் காலுறையோடு ஒரு மணி நேரம் நடந்தால் குதிகால் தோல் உரிந்து கொப்புளம் வந்துவிடும், அதோடு அன்றைய நாள் முடிந்தது.

என் மகனுக்கு ஆட்டிசம், ஏழு வயது. சத்தம் தாங்கமாட்டான், ஆனால் ரயில் என்றால் உயிர். அவன் அக்காவுக்காகப் போக வேண்டியிருக்கிறது, அவனையும் விட்டுவிட மனமில்லை.
- அம்மா

விட்டுவிடாதீர்கள் அம்மா. ஆனால் இந்த வாரத்தை மட்டும் தவிர்க்கப் பாருங்கள், உங்கள் வீட்டுக்கு நான் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஜனவரி இரண்டாவது வாரத்துக்குத் தள்ளினால் அக்காவுக்கும் ரைடு அதிகம் கிடைக்கும். பெரிய பார்க்குகளில் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு மாற்று ஏற்பாடும், அமைதியான அறைகளும் இருக்கின்றன. முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், அன்றைக்கு வாசலில் போய்க் கேட்டால் எல்லா இடத்திலும் கிடைக்காது. பிலடெல்பியா பக்கத்தில் இருக்கும் சீசேம் பிளேஸ் 2018-இல் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஏற்ற இடம் என்று சான்று பெற்ற முதல் தீம் பார்க் ஆனது, அதற்கப்புறம் இன்னும் பல இடங்கள் அந்த வழியில் வந்திருக்கின்றன.

நீங்கள் செய்யக்கூடியது: அந்த ரயிலின் வீடியோவை, உட்காருவதிலிருந்து இறங்குவது வரைக்கும், போகும் முன் அவனுக்குப் பலமுறை போட்டுக் காட்டுங்கள். சத்தம் குறைக்கும் ஹெட்போனைப் பழக்குங்கள். வாணவேடிக்கைக்கு அரை மணி நேரம் முன்னால் ஒருவர் அவனோடு வெளியே வந்துவிட வேண்டும், இன்னொருவர் அக்காவோடு இருக்கட்டும். அவன் அன்றைக்கு அந்த ரயிலில் மட்டும் ஐந்து தடவை போனான் என்றால் அவனுக்கு அதுதான் தீம் பார்க்.

புத்தாண்டு இரவு கவுண்ட்டவுனுக்குப் போகலாமா? கைக்குழந்தை இருக்கிறது.

வேண்டாம். குழந்தைக்கு நடக்கத் தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆன்ட்டி, எனக்குப் பத்து வயது. எனக்குப் பிடித்த கோஸ்டரில் இரண்டாவது தடவை போகக் கேட்டால் அம்மா, "அதான் ஒரு தடவை போயாச்சே, வேறு ரைடுக்குப் போகலாம், நேரம் வீணாகும்" என்கிறார். நீங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

சொல்லிவிடுகிறேன் கண்ணு. இதைப் படிக்கிற அம்மாவுக்கு: தயவுசெய்து விடுங்கள். பிள்ளைக்கு எது பிடித்தது என்று பிள்ளைக்குத்தான் தெரியும்.

உனக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். முதல் தடவை முன்வரிசையில் உட்கார், சில ரைடுகளில் அதற்குத் தனி வரிசை இருக்கும், கேட்டுப் பார். மேட்டின் உச்சிக்குப் போனதும் உன் முன்னால் யாரும் இல்லாமல் ஒரு நொடி அப்படியே தொங்குகிற மாதிரி இருக்கும், ஏனென்றால் பின்னால் இருக்கும் வண்டி முழுக்க இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது தடவை கடைசி வரிசையில் உட்கார். நீ உச்சிக்கு வருவதற்குள் முன்வண்டி கீழே பாய ஆரம்பித்துவிடும், அது உன்னை இழுத்துக்கொண்டு போகிற வேகத்தில் சீட்டிலிருந்து எழும்புவாய். அதே தண்டவாளம், அதே வண்டி, ஆனால் இரண்டும் வேறு வேறு ரைடு மாதிரி இருக்கும். அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பார். போய்விட்டு வந்து எந்த வரிசை பிடித்தது என்று எனக்கு எழுது.